ஒரே பெயர், இரண்டு கணக்கு

2018 மே மாதம் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா ஒரு கணக்கை வைத்தது: அரிசிக்கு இந்தியா தரும் சந்தை விலை ஆதரவு, உற்பத்தி மதிப்பில் 70 சதவீதத்துக்கும் மேல். அதே ஜூலையில் ஓஇசிடி ஆய்வு வந்தது. அதில் 2000-க்குப் பிறகு இந்திய விவசாயம் மொத்தத்துக்கும் இந்த ஆதரவு பெரும்பாலும் மைனஸ்!

பெயர் ஒண்ணு, அளவுகோல் வேற. முதல் கணக்கு ஆதரவு விலையை 1986-88 உலக விலையோடு ஒப்பிடுது. முப்பது வருஷ விலைவாசி ஏற்றமும் அதில் மானியமாகிடுது. அதை நான் எப்பவோ ஒதுக்கிட்டேன்.

ஓஇசிடி அந்தந்த வருஷ எல்லை விலையை எடுக்குது. இது நியாயமான முறை. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்ளூரில் விலை அமுங்கியது. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் நம்முடையது என்பதால் வெளியே விலை ஏறியது. தடையால் ஏறிய விலையையே அளவுகோலாக வைத்தால், விவசாயியின் இழப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இழப்பு நிஜம்தான், அதை மறுக்கலை. ஆனா யாராவது அந்த வரைபடத்தைக் காட்டினா, முதல்ல இதைக் கேளுங்க: எந்த விலையோட ஒப்பிட்டீங்க?