சுசீலாவின் குரலும் தமிழ் ஒலிப்பும்

பின்னணிப் பாடகி பி. சுசீலாவைப் போற்றும் இரசிகர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில்தான் தொடங்குவர். தனியாகவும் இணைந்தும் குழுவினருடனும் அவர் பல இந்திய மொழிகளில் பாடிய பாடல்கள் 17,695 எனக் கின்னஸ் சாதனை நூல் 2016-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஐந்து தேசிய விருதுகள், 2008-இல் பத்மபூஷண் விருது என்று பட்டியல் மேலும் நீளும். இவை யாவும் உண்மையே. ஆயினும், பட்டியல் ஒருவருடைய உழைப்பின் அளவைக் காட்டுமேயன்றி அதன் தன்மையைக் காட்டாது. பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடிய அக்குரல் ஒரு பாடலில் என்ன செய்தது என்பதன்றோ கலையை ஆராய்வோர் கேட்க வேண்டிய கேள்வி?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் குரலின் இனிமையோடு நின்றுவிடுதல் கூடாது. இனிய குரல் படைத்தோர் திரையிசையில் பலர் இருந்தனர், இருக்கின்றனர். சுசீலாவின் தனிச்சிறப்பு, தமிழ்ச் சொல்லை அதன் எழுத்துக் கெடாமல் இசையில் ஏற்றியதே ஆகும். அச்சிறப்பும் அவருக்குப் பிறப்பால் வந்ததன்று, கற்றதனால் வந்தது. தமிழாசிரியர்கள் ஊன்றிக் கருத வேண்டிய செய்தி இது.

கற்று வந்த தமிழ்

சுசீலா 1935-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஆந்திரத்து விசயநகரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தையார் முகுந்தராவ் வழக்கறிஞர். வயலின் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் விசயநகரத்து மகாராசா இசைக்கல்லூரியில் அவர் முறையாக இசை பயின்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். இசையமைப்பாளர் பெண்டியாலா நாகேசுவரராவ் இசையில், 'பெற்ற தாய்' படத்தில் ஏ. எம். ராஜாவுடன் இணைந்து பாடியதே தமிழ்த் திரையில் அவருடைய தொடக்கம். அப்போது அவர் இருபது வயதை எட்டவில்லை.

அடுத்து நிகழ்ந்ததே அவர் வாழ்வில் முதன்மையானது. ஏவி.எம். நிறுவனம் அவரை மாதச் சம்பளத்தில் பாடகியாக அமர்த்திக்கொண்டது. அத்தோடு நில்லாமல், அவருக்குத் தமிழ் ஒலிப்பைக் கற்பிப்பதற்கென்றே ஓர் ஆசிரியரையும் ஏற்பாடு செய்தது. குரல் நன்றாக இருக்கிறது, மொழி எப்படியும் போகட்டும் என்று ஏவி. மெய்யப்பச் செட்டியார் விட்டுவிடவில்லை. பாடகி தமிழ் கற்ற பிறகே அக்குரல் தமிழருக்கு உரியதாகும் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும். 1955-இல் வெளிவந்த 'கணவனே கண்கண்ட தெய்வம்' படத்தில் சுசீலா பாடிய பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. அவற்றைக் கேட்டவருள் பலர், பாடியவர் தமிழ்ப் பெண் என்றே எண்ணினர்.

தெலுங்கு நாவும் தமிழ் எழுத்தும்

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ் பாடும்போது எதிர்ப்படும் தடைகள் எவை என்பதை நோக்கினால்தான் இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

முதலாவது, ழகரம். பழங்காலத் தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்தை ஒத்த எழுத்து ஒன்று இருந்தது. பின்னாளில் அது வழக்கொழிந்தது. ஆதலின் இன்றைய தெலுங்கர் நாவுக்கு ழகரம் புதியது. நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தைத் தடவும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் இலக்கணம் வகுத்துள்ளார். தடவ வேண்டிய இடத்தில் நா அழுந்தித் தொட்டுவிட்டால் ளகரமாகும். வளையாமலே நின்றுவிட்டால் லகரமாகும். 'பழம்' என்பது 'பலம்' ஆவது இவ்வாறே.

இரண்டாவது, சொல்லின் இறுதி. தெலுங்குச் சொற்களிற் பெரும்பாலானவை உயிரெழுத்தில் முடிவன. தமிழிலோ மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் மிகப் பல. அவற்றை ஒலிக்கும்போது இறுதியில் ஓர் உகரத்தை ஏற்றிவிடுவது தெலுங்கு நாவின் இயல்பு. இசையிலோ இறுதி எழுத்தை நீட்ட வேண்டிய இடங்கள் வரும். பிழை நேர அங்கே வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, வல்லெழுத்துகளின் ஒலி வேறுபாடு. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் எழுத்தால் ஒன்றே, ஒலியால் மூன்று. தெலுங்கில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் எழுத்தின் இடமே ஒலியை அறிவிக்கும். இவ்விடமறிதலைப் புத்தகத்தால் மட்டும் பெற முடியாது. ஆசிரியர் வாயிலாகக் கேட்டே பெற வேண்டும். றகரத்துக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே.

பாடல்களில் காணும் சான்று

1961-இல் வந்த 'பாக்கியலட்சுமி' படத்தில், தான் கண்ட கனவைத் தோழிக்கு எடுத்துரைக்கும் பெண்ணின் பாடல் ஒன்று உண்டு. கவிஞர் கண்ணதாசன் இயற்றியது. இசை விசுவநாதன் – இராமமூர்த்தி. சங்க அகப்பாடல்களில் தலைவி தோழிக்கு உரைக்கும் மரபை அறிந்தவர்களுக்கு இப்பாடலின் வேர் எங்குள்ளது என்பது சொல்லாமலே விளங்கும். 'பொழுது', 'தோழி' என்னும் சொற்களை இதில் சுசீலா ஒலிக்கும் முறையைக் கேட்க வேண்டும். ழகரத்தை அவர் அழுத்திக் காட்டுவதில்லை. அது தன் இடத்தில் இயல்பாக வந்து செல்கிறது. கற்றுக்கொண்ட ஒலி என்ற அடையாளமே அங்கு இல்லை.

'பஞ்சவர்ணக்கிளி' (1965) படத்தில் பாரதிதாசனார் தமிழைப் போற்றிய பாடலை அவர் பாடினார். 'தமிழ்' என்னும் சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. ஓரிடத்தில் மெய்யாக நின்றும், ஓரிடத்தில் உகரம் ஏறியும் வருகிறது. ழகரமும் ளகரமும் ஒரே அடியில் அடுத்தடுத்து வரும் இடமும் உண்டு. நா தடுமாறுவதற்கு ஏற்ற இடம் அது. அங்கும் இரண்டு எழுத்தும் தனித்தனியே தெளிவாக ஒலிக்கின்றன. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்து நடனப் பாடலிலோ தாளக்கட்டு சொல்லை நெருக்குகிறது. அந்நெருக்கத்திலும் 'மறை' என்னும் பகுதியின் றகரம் ரகரமாகத் தேயவில்லை.

அக்காலத்துப் பதிவு முறையையும் இங்கு நினைத்தல் வேண்டும். பாடகரும் வாத்தியக்காரரும் ஒருசேர இருந்து முழுப்பாடலையும் பாடிப் பதிவு செய்வர். ஓரெழுத்துப் பிழைத்தால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று போல அடி அடியாகப் பாடி ஒட்டும் வசதி அன்று இல்லை. ஆகவே ஒலிப்பு ஐயத்துக்கு இடமின்றிப் பழகிய பின்னரே ஒலிவாங்கியின் முன் நிற்க வேண்டியிருந்தது.

இரு குறைகூற்றுகள்

சுசீலாவின் பாட்டில் உணர்ச்சி அளவுக்குள் அடங்கியிருக்கிறது. அழ வேண்டிய இடத்திலும் அவர் குரல் உடைவதில்லை என்று சிலர் குறை கூறுவர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. விம்மலும் பெருமூச்சும் கலந்து பாடி நெஞ்சைத் தொட்ட பாடகியர் உண்டு. ஆயினும் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தை எண்ணிப் பார்க்கலாம். நோயுற்ற கணவன், தான் இறந்தால் மறுமணம் செய்துகொள்ளுமாறு மனைவியிடம் சொல்கிறான். அதற்கு அவள் விடையாகப் பாடுகிறாள். அப்பெண் கதறினால் நோயாளி மேலும் வாடுவான். ஆதலின் அவள் துயரத்தை அடக்கிக்கொண்டுதான் பேச முடியும். சுசீலாவின் அளவான குரல் அங்கே பாத்திரத்தின் நிலையோடு முழுதும் பொருந்துகிறது. கேட்பவர் கண்ணீரைச் சொல்லே வரவழைக்கிறது. குரல் உடைந்திருந்தால் சொல் உடைந்திருக்கும்.

மற்றொரு குறை உண்மையானது; ஒப்புக்கொள்ளத் தக்கது. தெளிவான ஒலிப்பு நல்ல கவிதையைப் போலவே வெற்றுச் சொல்லையும் விளக்கிக் காட்டிவிடும். கண்ணதாசனும் பாரதிதாசனும் எழுதிய பாடல்களுக்கு இடையே, மெட்டை நிரப்புவதற்காகவே எழுதப்பட்ட பாடல்களையும் அவர் ஏராளமாகப் பாடினார். அவற்றில் பாடகியின் செம்மை பாடலின் வறுமையை மறைக்கவில்லை, வெளிச்சமிட்டுக் காட்டியது. எண்ணிக்கையை வியப்போர் இதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். பாடிய அனைத்தும் நிலைக்கா. நிலைப்பவை சொல்லும் இசையும் ஒத்த சில நூறு பாடல்களே.

தமிழ்த்தாய் வாழ்த்து

பின்னணிப் பாடகியருக்கெனத் தேசிய விருது முதன்முதல் 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்காக வழங்கப்பட்டபோது, 'உயர்ந்த மனிதன்' என்னும் தமிழ்ப் படத்தில் பாடியமைக்காகச் சுசீலா அதைப் பெற்றார். 'சவாலே சமாளி' படத்துக்காக மற்றொரு முறை தமிழில் பெற்றார். எஞ்சிய மூன்றும் தெலுங்குப் படங்களுக்குக் கிடைத்தவை. இவ்விருதுகள் எல்லாவற்றினும் பெரிய சிறப்பு ஒன்று அவருக்கு உண்டு. இரசிகர் பட்டியலில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891-இல் வெளிவந்தது. அதிலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. அதற்கு இசையமைத்தவர் எம். எஸ். விசுவநாதன், பாடியவர்கள் டி. எம். சௌந்தரராசனும் பி. சுசீலாவும். விசுவநாதன் பாலக்காட்டுப் பகுதியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். சௌந்தரராசன் மதுரையில் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். சுசீலாவின் வீட்டு மொழி தெலுங்கு. தமிழன்னைக்கு வாழ்த்துரைக்க வந்த மூவரும் வீட்டில் வேறு மொழி பேசியவர்கள்! ஆயினும் அப்பதிவைக் கேட்டு ஓர் எழுத்துப் பிழை காட்ட யாரால் இயலும்?

தமிழ் பிறப்புரிமை, ஆகவே தானே வந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இது தக்க மறுமொழி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் 'வாழை'யை 'வாளை' என்றும், 'மழை'யை 'மலை' என்றும் சொல்லக் கேட்கிறோம். வானொலியிலும் மேடையிலும் படித்தவர் வாயிலும் அப்பிழை ஒலிக்கிறது. திருத்துவார் இன்மையால் அது வளர்கிறது. விசயநகரத்துப் பெண்ணுக்கு வசப்பட்ட ழகரம் தமிழ்க் குழந்தைக்கு வசப்படாது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. கற்பிக்கவில்லை என்பதே உண்மைக் காரணம்.

வகுப்பில் ஒலிப்புப் பயிற்சிக்கு இத்தகைய பாடல்கள் துணையாகும். ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. இசைக்காகக் குறில் நீளும் இடங்கள் பாட்டில் உண்டு. அவற்றைப் பேச்சுக்கு இலக்கணமாகக் கொள்ளலாகாது. ஓரடியைக் கேட்கச் செய்து, பின் இசையை நீக்கி அதே அடியைப் பேச்சாகச் சொல்லப் பழக்குவது முறை. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த தமிழ்நாட்டு அரசு, விழாக்களில் அதை ஒலிப்பதிவாக ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றோர் வாயாற் பாட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதன் உட்கருத்தும் இதுவே. கேட்பது தொடக்கம், சொல்வதே கல்வி.

இசைத்தட்டின் மேல் பாடகர் பெயர் இருக்கும். இசையமைப்பாளர் பெயர் இருக்கும். படத்தின் பெயரும் இருக்கும். பாடகிக்கு ழகரம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயரை எவரும் அச்சிடுவதில்லை. ஆனால் சுசீலா 'தமிழ்' என்று பாடும் ஒவ்வொரு முறையும் அவருடைய உழைப்பும் உடன் ஒலிக்கிறது. அதைக் கேட்டறியும் செவி வாய்த்தவரே சுசீலாவின் உண்மையான இரசிகர் ஆவார்.