தையல் கேட்காத வெட்டு

நேபாளத்துக் கண் மருத்துவர் சந்துக் ருயித் கண்புரை ஆபரேஷன் செய்யும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கத்தி முதலில் படும் இடமே அழகு. கருவிழியைத் தொடாமல், அதன் விளிம்பை ஒட்டிய வெள்ளைவிழியில், நெற்றிப்பொட்டுப் பக்கமாக ஒரு கீறல். அதுவும் பாதி ஆழத்துக்குத்தான். அங்கிருந்து பிறை வடிவ பிளேடைப் படுக்கவைத்து, விழிச்சுவரையே இரண்டு அடுக்காகப் பிரித்தபடி கருவிழிக்குள் நகர்த்துகிறார். அந்தச் சுவரின் மொத்தக் கனமே ஒரு மில்லிமீட்டர்தான். பல கண்களில் அதுகூட இல்லை. பிளேடு சற்று மேலேறினால் கூரை கிழியும். சற்று இறங்கினால் கண் முன்கூட்டியே திறந்துகொள்ளும். அவர் கையில் அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை.

இப்படி உருவாகும் சுரங்கத்தின் வெளிவாய் ஆறேழு மில்லிமீட்டர். உள்வாய் அதைவிட அகலம். முற்றிய புரை உடையாமல் முழுசாக வெளியே வர இந்த அகலம் வேண்டும். சாதாரண ஊசிமுனையால் லென்ஸின் உறையை முக்கோணமாகத் திறந்து, நீரைச் செலுத்திப் புரையை நெகிழ்த்தி வெளியே எடுக்கிறார். மிச்சத்தைக் கழுவிவிட்டு, செயற்கை லென்ஸை அதே உறைக்குள் உட்கார வைக்கிறார். அவ்வளவுதான், ஊசிநூலைத் தேடவே வேண்டாம். கிணற்றுப் பம்பின் ஃபுட்வால்வை மேலே நிற்கும் தண்ணீரே அமுக்கி மூடுகிறதல்லவா? அதுபோல, கண்ணின் உள்ளழுத்தமே சுரங்கத்தின் உள்ளுதட்டை அமுக்கி அடைத்துவிடுகிறது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ஆனால் கண் சிகிச்சை முகாம்களுக்கென்றே அதை இவ்வளவு செதுக்கியவர்களில் அவர் முதல் வரிசை. திபெத் எல்லையோரம் ஒலாங்சுங்கோலாவில் பிறந்து, பள்ளிக்கூடம் சேரவே டார்ஜிலிங்குக்கு நாள்கணக்கில் நடந்துபோனவருக்கு, தையல் பிரிக்கத் திரும்பி வாருங்கள் என்று ஒரு மலைக்கிராமத்துக் கிழவியிடம் சொல்வது எப்பேர்ப்பட்ட சுமை என்பது தெரியும். வேற்று நாட்டிலிருந்து வந்து அறுவை செய்பவரோ சில நாளில் விமானம் ஏறிவிடுவார். தனக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத காயத்தை ருயித் உண்டாக்குகிறார் பாருங்கள், அவருடைய ஈகையில் எனக்கு ஆகப் பெரிதாகப் படுவது அதுதான்.

ஏழைக்கு இது போதும் என்று தரத்தைக் குறைத்த வேலையோ என்ற சந்தேகம் வரலாம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 108 நோயாளிகள். பாதிப் பேருக்கு ருயித் தன் முறையிலும், மறுபாதிப் பேருக்கு அமெரிக்க நிபுணர் டேவிட் சாங் புரையை உடைத்து உறிஞ்சும் விலையுயர்ந்த ஃபேக்கோ இயந்திரத்தாலும் அறுவை செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்வை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. நேரம்தான் வேறு: இயந்திரத்துக்குச் சராசரியாக 15.5 நிமிடம், ருயித்தின் கைக்கு 9. மறுநாளே கருவிழி அதிகத் தெளிவாக இருந்ததும் அவர் தொட்ட கண்களில்தான்.

கைத்திறன் மட்டும் இருந்தால் போதாது. உள்ளே வைக்க லென்ஸ் வேண்டும். இறக்குமதி லென்ஸின் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப்பும், சற்றுப் பின்னால் காட்மாண்டுவில் ருயித்தின் தில்கங்கா நிறுவனமும் தாங்களே லென்ஸ் செய்து அந்த விலையைச் சில டாலர்களுக்கு இறக்கின.

இந்த முறையோடு 2006-இல் ருயித் வட கொரியாவுக்கும் போனார். கட்டுப் பிரித்ததும் பார்வை பெற்றவர்கள் சுவரிலிருந்த தலைவர்களின் படத்துக்குத்தான் கைதூக்கி நன்றி சொன்னார்கள். பக்கத்திலேயே நின்ற ருயித்துக்கு அதில் பங்கில்லை. அங்கே அவர் போன காரியத்தில் அறுவையோடு உள்ளூர் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் சேர்ந்திருந்தது. 1988-இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் கண் மருத்துவர் ஜெஃப்ரி டாபினும் ருயித்திடம் வந்து இதே சுரங்கத்தைக் கற்றவர்தான். பின்னாளில் எத்தியோப்பியாவில் முகாம் முகாமாக அவர் போட்டதும் அந்த வெட்டைத்தான்.