ஓட்டப்பிடாரத்துக்கு எப்படிப் போவது?

விமானம் இறங்கி, பெல்ட்டில் பெட்டி வந்து, நான் வெளியே வந்தபோது ராத்திரி ஒன்றரை மணி. எந்த ஊர் ஏர்போர்ட் என்பது வேண்டாம். பெரிய ஊர், பெரிய ஏர்போர்ட். வாசலில் பக்கத்தில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். மஸ்கட்டிலிருந்து வருகிறவர். அட்டைப்பெட்டி மேல் நைலான் கயிறு, கயிற்றின் மேல் டேப், டேப்பின் மேல் மார்க்கர் பேனாவில் பெயர், ஊர், பின்கோடு. ஆள் தொலைந்துபோனாலும் பெட்டி மட்டும் தபாலில் வீடு போய்ச் சேர்ந்துவிடும் போல.

"அண்ணாச்சி, ஓட்டப்பிடாரத்துக்கு எப்படிப் போகணும்?"

நாலு வருஷம் கழித்து வருகிறாராம். கூப்பிட வந்துகொண்டிருந்த தாய்மாமனின் வேன் பாதி வழியில் படுத்துவிட்டது. விசாரணை கவுண்டரில் கேட்டிருக்கிறார். அங்கிருந்த பெண் ரொம்ப மரியாதையாக ஊர்ப்பெயரை இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, டாக்ஸி கவுண்டரைக் கை காட்டியிருக்கிறார். டாக்ஸி கவுண்டரில் ஒரு தொகை சொன்னார்கள். "அந்தக் காசுக்கு மறுபடி மஸ்கட்டே போயிருவேன் அண்ணாச்சி" என்று சிரித்தார். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

எனக்கும் பதில் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் பல நூறு கோடி ரூபாய்க் கட்டடம் ஜெகஜ்ஜோதியாக நின்றது. அதற்கும் தெரியவில்லை.

ஏர்போர்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கூரையைப் பற்றி எழுதுகிறார்கள். சுவரில் மயில் கோலம் இருக்கிறதா, தூணில் கோபுரச் சாயல் தெரிகிறதா, காபி எத்தனை ரூபாய், டாய்லெட்டில் தண்ணீர் வருகிறதா? இதெல்லாம் முக்கியம்தான். ஆனால் ஒரு விமான நிலையத்தை விமர்சனம் செய்ய அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி கிடைத்தது. அந்த இளைஞர் கேட்ட கேள்வி. சினிமாவுக்கு ஸ்டார் போடுகிற மாதிரி, நம் ஊர் விமான நிலையங்களுக்கு இந்தக் கேள்வியை வைத்து மார்க் போட்டால் என்ன?

முதலில் சென்னை. 1985-ல் உள்நாட்டு முனையம், 1989-ல் பன்னாட்டு முனையம் என்று மீனம்பாக்கத்திலிருந்து திரிசூலம் பக்கம் நகர்ந்தது. ஒன்றுக்குக் காமராஜர் பெயர், இன்னொன்றுக்கு அண்ணா பெயர். 2013-ல் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அதன் பிறகு கண்ணாடி உடைந்து விழுவதை, எத்தனையாவது தடவை என்று நம்பர் போட்டே பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. 2023 ஏப்ரலில் திறந்த புதிய முனையம் அழகாகவே இருக்கிறது. கோலமும் கோபுரமும் சேலையும் கலந்த அலங்காரம். பக்கத்தில் 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு கார் பார்க்கிங். அதை ஒட்டியே ஐந்து திரை கொண்ட சினிமா தியேட்டர். விமானம் தாமதமானால் முழுப் படமும் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, ஓட்டப்பிடாரம்? 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோ ரயில் விமான நிலையத்துக்கே வருகிறது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் மெட்ரோ போவது வடக்கே. நம்மாள் போகவேண்டியது தெற்கே. எதிரே ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். அங்கே எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து நாலாவது ஸ்டேஷன் தாம்பரம். தாம்பரத்தில் சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸ் வரும். அதில் ஏறினால் விடிகாலையில் கோவில்பட்டியிலோ மணியாச்சியிலோ இறங்கி, அங்கிருந்து பஸ். பஸ்ஸிலேயே போவதென்றால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ல் திறந்தது, தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் நேர் தெற்கு. கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் பல வருஷமாகத் திட்டமாகவே பேசப்பட்டு வருகிறது.

ஆக, வழி இருக்கிறது. மிக நல்ல வழி. பகலில் இறங்கி, சென்னையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்து, கையில் சின்னப் பெட்டி மட்டும் இருந்தால். ஆனால் வளைகுடா விமானங்கள் நிறைய நள்ளிரவிலும் விடியாத நேரத்திலும்தான் வந்து இறங்குகின்றன. மெட்ரோ ராத்திரி பதினொன்றுக்கு மேல் தூங்கப் போய்விடும். முத்துநகருக்கு அடுத்த சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும்.

இது சென்னையின் குற்றம் மட்டுமில்லை. விமான நிலையம் மத்திய அரசுடையது. வாசலில் போகும் ரோடு தேசிய நெடுஞ்சாலைத் துறை. ரயில், ரயில்வேக்காரர்கள் சமாச்சாரம். பஸ், மாநில அரசு. ஒரு மருமகளுக்கு நாலு மாமியார். சமையல் யார் செய்வது? இன்னொரு உள்விஷயமும் உண்டு. விமான நிலையங்களின் வருமானத்தில் பெரிய பங்கு பார்க்கிங், கடைகள், டாக்ஸி நிறுவனங்கள் கட்டும் கட்டணம் என்று வருகிறது. அரசு பஸ்ஸில் ஏறிப் போகிறவரால் பைசா பிரயோஜனம் இல்லை. அவருக்கு வழி சொல்லும் போர்டு ஏன் சின்னதாக இருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

முடியாத காரியமா என்றால், பக்கத்து ஊரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2008 மே மாதம் பெங்களூர் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறந்தபோதே 'வாயு வஜ்ரா' பஸ்களும் ஓட ஆரம்பித்தன. 2013-ல் அதற்கும் மேலே ஒரு படி போய், கர்நாடக அரசு போக்குவரத்துக் கழகம் விமான நிலைய வாசலிலிருந்தே மைசூருக்கு 'ஃப்ளைபஸ்' விட்டது. பெங்களூருக்குள் எங்கேயும் இறங்கி மாறவேண்டாம். மைசூர்க்காரர் விமானத்தை விட்டு இறங்கி பஸ்ஸில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது மைசூரில்தான். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் கிடையாது. நாலு மாமியாரும் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரைச் சொன்னால் 'அது சிங்கப்பூர்ப்பா' என்பீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாங்கியில் 2019-ல் கட்டிய 'ஜுவல்' அருவியை, பாஸ்போர்ட் செக்கிங்கைத் தாண்டி உள்ளே வைக்கவில்லை. வெளியே வைத்தார்கள். விமானத்தில் போகாதவர்களுக்காக. வழியனுப்ப வந்த பாட்டியும் பரீட்சைக்குப் படிக்கிற பையனும் அங்கே ஏ.சி.யில் உட்காரலாம். நம் பக்கம் அப்படியா? ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் கூட்டிப்போகப் பத்துப் பேர் வருவார்கள். அம்மா, மதினி, மதினியின் கைக்குழந்தை, வேன் டிரைவர், டிரைவருக்குத் துணைக்கு ஒருவன். தூக்குச்சட்டியில் சோறு, தாளில் சுற்றிய கடலைமிட்டாய். முன்பெல்லாம் பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நின்றோம். பாதுகாப்பு காரணமாக அது போயிற்று, புரிகிறது. ஆனால் பாதுகாப்பு கருதி வெளியே அனுப்பியவர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சும் நிழலும் போடக்கூடாது என்று எந்த ரூலிலும் இல்லை. மூன்று வருஷம், நாலு வருஷம் பிள்ளை முகம் பார்க்காத பொம்பளை, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விடியவைக்கிறாள். டிசைன் செய்தவர் மனத்தில் இருந்தது ஒற்றை ஆள், சக்கரப்பெட்டி, காதில் போன். நம் ஊர்ப் பயணி அப்படித் தனியாக வருவதில்லை.

மதுரைக்கு வருவோம். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். 2012-ல் கொழும்புக்கு விமானம் பறந்தது. பிறகு துபாய் என்று ஒன்றிரண்டு சேர்ந்தன. ஆனால் பல நாடுகளோடு போட்டிருக்கும் விமான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இல்லாததால், அந்த நாட்டு விமான கம்பெனிகள் இங்கே வர முடியாது. ரன்வே நீட்டிப்புக்காக நிலமும் ரோடும் சம்பந்தப்பட்ட பேச்சு வருஷக்கணக்கில் நடக்கிறது. அதைவிட, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மதுரை - தூத்துக்குடி நாற்கரச் சாலை பெருங்குடி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே போகிறது. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், கரிசல் காட்டுக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரே ரோடு. குறுக்குச்சாலையில் இறங்கினால் ஓட்டப்பிடாரம் கூப்பிடு தூரம். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். கடவுளே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. பஸ் பிடிக்க ஊருக்குள் மாட்டுத்தாவணி போவது என்பது, பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி வருகிற கதை. அந்த ரோட்டில் ஓடும் பஸ்களில் நாலு, விமான நேரம் பார்த்து ஏர்போர்ட்டுக்குள் ஒரு வளைவு வளைந்து போனால் போதும். கூடுதல் செலவு ஐந்து நிமிஷ டீசல்.

திருச்சியும் திருவனந்தபுரமும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரொம்ப நாளாகக் கைகொடுத்து வருகின்றன. திருச்சியில் புதுக்கோட்டை ரோட்டில் வாசலிலேயே டவுன் பஸ் ஓடியது பெரிய வசதி. ஆனால் 2025-ல் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன. திருவனந்தபுரத்தில் உள்நாட்டு முனையம் ரன்வேயின் ஒரு பக்கம், பன்னாட்டு முனையம் மறுபக்கம். தெரியாமல் தப்பான பக்கம் போய் நின்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஆனால் தம்பானூர் வந்துவிட்டால் ரயிலும் பஸ்ஸும் எதிரெதிரே. பாதி மார்க் கொடுக்கலாம்.

கடைசியாக வாகைக்குளம். ஓட்டப்பிடாரத்துக்காரருக்குச் சொந்த ஏர்போர்ட் மாதிரி. 1992-ல் திறந்த தூத்துக்குடி விமான நிலையத்தில் ரன்வே 1,350 மீட்டர்தான். ரெக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம்தான் இறங்கும். 2025 ஜூலை 26-ல் பிரதமர் புது முனையத்தைத் திறந்தார். 17,340 சதுர மீட்டர் கட்டடம், சுமார் 450 கோடி ரூபாய், ரன்வே 3,115 மீட்டர். உச்ச நேரத்தில் 1,350 பயணிகளைச் சமாளிக்குமாம். (பழைய ரன்வே நீளமும் அதே நம்பர். திருஷ்டி கழித்து எடுத்துக்கொள்ளலாம்.) பெரிய விமானம் இறங்கத் தோதாகிவிட்டது. ஆனால் இன்றைய தேதிக்கு உள்நாட்டு விமான நிலையம்தான். அடுத்த பத்து வருஷத்தில் கொழும்பும் துபாயும் இங்கே வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன்.

அதனால்தான் இப்போதே கேட்கிறேன். திருநெல்வேலி - தூத்துக்குடி நெடுஞ்சாலை வாகைக்குளம் வழியாகத்தான் போகிறது. பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லாத ரோடு. அந்த பஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகப்போகிறதா, முனைய வாசலுக்கு வரப்போகிறதா? கரிசல் மண்ணின் சித்திரை வெயிலில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஓட்டப்பிடாரத்துக்கு, எட்டயபுரத்துக்கு, கோவில்பட்டிக்கு நாளைக்கு ஒரு நாலு பஸ். பெங்களூர்க்காரர்கள் திறக்கும்போதே செய்ததை நாம் திறந்த பிறகாவது செய்யலாம். கட்டடம் ஆறின பிறகு வாசலை மாற்றுவது கஷ்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தையில் நாம் ஒரு காலத்தில் கெட்டிக்காரர்கள். போட் மெயில் என்று ஒன்று ஓடியது. முதலில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-லிருந்து பாம்பன் பாலம் ஏறி தனுஷ்கோடிக்குப் போய், ரயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே கப்பல். அக்கரையில் தலைமன்னாரில் மறுபடி ரயில். சென்னையில் எடுத்த டிக்கெட்டிலேயே கொழும்பில் போய் இறங்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும்வரை இது நடந்தது. அரை நூற்றாண்டு! கம்ப்யூட்டர் இல்லை, செல்போன் ஆப் இல்லை. ரயில்காரரும் கப்பல்காரரும் டைம் டேபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த ஒருவருக்கும் இதில் பங்கு உண்டு. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதைத் தேசபக்தியாக மட்டுமே பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது ஒரு போக்குவரத்துப் போட்டியும்கூட. அவர் கப்பல் விட்டதும் எதிரே இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு, ஏறினவருக்கு ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அழிக்கக் கொடுத்த குடைதான். இருந்தாலும் நம் கடற்கரையில் வந்து நின்ற பயணிக்கு வெயில் அடிக்கும் என்று ஒரு கம்பெனிக்காரன் யோசித்திருக்கிறான் பாருங்கள்.

அந்த மஸ்கட் இளைஞர் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பிரதான சாலைக்கு நடந்தோம். தூரம் அதிகமில்லை, பெட்டிதான் அதிகம். ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை விழித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், பெரிய நம்பிக்கையில்லாமல்தான் கேட்டேன்.

"ஓட்டப்பிடாரமா? கப்பல் விட்டவரு ஊருதானே? ரெண்டே முக்காலுக்கு ஒரு வண்டி வரும் சார். கை காட்டுனா நிப்பான். கோவில்பட்டில எறங்கி மாறிக்கணும்" என்றவர், பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, அதுக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் போட்டுருவான், சில்லறை வச்சிக்க" என்றார்.

ரெண்டே முக்காலுக்கு வண்டி வந்தது. கை காட்டினோம். நின்றது.