குடைத் திருடனும் குகைச் சுவரும்

இலங்கைச் சிறுவர் படக்கதை என்றதும் பலரும் முதலில் சொல்வது சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’வைத்தான். குடைத் திருடனைப் பற்றிய இந்தச் சிங்களக் கதை 1956இல் நூலாக வந்தது. ஜப்பானிய மொழிக்குப் போனது. சென்னைத் துலிகா பதிப்பகத்தின் வழியே இந்தியப் பிள்ளைகளையும் எட்டியது. எழுதி வரைந்த வெத்தசிங்க (1927–2020) முறையாக ஓவியம் பயின்றவரல்லர். இருநூறுக்கு மேல் நூல்கள் செய்தும், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இந்த ஒன்றுதான்.

கதை சின்னது. குடையையே காணாத ஊர். மழை வந்தால் ஒருவர் வாழையிலையைப் பிடிக்கிறார், இன்னொருவர் சாக்கைப் போர்த்துகிறார். நகரத்துக்குப் போன கிரி மாமா ஆசையாக ஒரு குடை வாங்கி வருகிறார். கடையில் கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் குடை இல்லை. மறுபடி வாங்க, மறுபடி களவு. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே போனால், குடைகளெல்லாம் மரத்தில் தொங்குகின்றன. திருடனுக்கென்று ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவந்து குடைக்கடை போடுகிறார். திருடன் ஒரு குரங்கு.

இதில் நீதிபோதனை இல்லை. திருடியதற்குத் தண்டனையும் இல்லை, ஒரு குடைதான் மிச்சம். உடவத்தகலைக் காட்டை ஒட்டி வாழும் கண்டிப் பிள்ளைக்குக் குரங்கின் களவு புதினமல்ல. களவுக்குப் பரிசு கொடுக்கும் பெரியவர்தான் புதினம். இலையையும் சாக்கையும் தலையில் பிடித்த ஊராரைத் தனித்தனியே பார்த்துச் சிரிக்க எழுத்துக் கூட்டத் தெரிய வேண்டியதில்லை.

படத்தைப் படிக்கும் பழக்கம் கண்டிக்கு அச்சகத்தோடு வந்ததல்ல. நகருக்கு அண்மையில் உள்ள தெகல்தொருவக் குகை விகாரையின் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் வெஸ்ஸந்தர ஜாதகம் முதலிய புத்தரின் முற்பிறவிக் கதைகளை நீள நீளப் பட்டைகளாக வரைந்தார்கள். சிவப்புப் பின்னணியில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார். இடையில் ஒரு மரம் நின்றால் அடுத்த காட்சி தொடங்கிவிட்டது. நிழலும் தூரமும் காட்டும் வித்தை இல்லை, கோடும் தட்டையான நிறமும்தான். வெத்தசிங்கவின் பக்கங்களிலும் கோடுதான் கதையை நடத்துகிறது.

தமிழ்ப் பக்கம் நிலைமை வேறு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர், அழ. வள்ளியப்பா என நம் சிறுவர் இலக்கியத்தின் பெரிய பெயர்கள் பாட்டுக்காரர்களின் பெயர்கள். அந்தப் பாட்டுகள் படமில்லாமலே வாயில் நிற்கும் என்பது அவற்றின் வெற்றி. ஆனால் அதனாலேயே படம் பக்கத்தின் ஓரத்தில் ஒட்டும் அலங்காரமாக நின்றுவிட்டது. ‘ரூம் டு ரீட்’ போன்ற அமைப்புகள் இலங்கையில் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் படநூல்கள் வெளியிட்ட பிறகு வண்ணம் கூடியிருக்கிறது. எனினும் தலைமுறை தாண்டி நிற்கும் தமிழ்ப் படக்கதைக்கு வண்ணம் மட்டும் போதாது. எழுதி முடித்த கதையை ஓவியரிடம் நீட்டும் வழக்கத்தை விட்டு, தொடக்கத்திலேயே அவரையும் கதைக்காரராக உட்காரவைக்கும் பதிப்பாளர் வேண்டும்.