கீல் பேசும் மொழி

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. அதன் கரையிலுள்ள தோணிரேவில் காற்றிலும் உப்புதான். மீனும் ஐஸும் ஏற்றும் குட்டியானை வண்டியின் கதவு இத்தகைய ஊரில் சீக்கிரமே முனகத் தொடங்கிவிடும்.

சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிப்பதுதான் கதவைச் சரிசெய்யும் வேலையின் அழகு. ‘கிரீச்’ என்று இழுத்தால் கீலில் கிரீஸ் வறண்டிருக்கும். பாதி திறக்கையில் ‘டக்’கென்றால், கதவை அளவோடு நிறுத்தும் பட்டையைப் பார்க்க வேண்டும். திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கும்போது ஆடினால், கீலின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். அதற்கு எண்ணெய் போதாது, மாற்றத்தான் வேண்டும்.

மற்றதை வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, ஈரம் போகக் காயவிட வேண்டும். துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் கதவைப் பலமுறை திறந்து மூடினால் செம்பழுப்பு அழுக்கு வழியும். அதைத் துடைத்துவிட்டு கிரீஸ் வைக்க வேண்டும். தெளித்த எண்ணெய் சீக்கிரம் போய்விடும். நின்று உழைப்பது கிரீஸ்தான். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

ஒரு துணி, கொஞ்சம் கிரீஸ், கூர்ந்து கேட்கும் காது: உப்புக்காற்றில் வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் பழக வேண்டிய கைவேலை இது.