திரும்பி வந்த அஞ்சலில் எழுதியிருப்பது என்ன?

நீங்கள் சொந்தமாக ஓர் அஞ்சல் சர்வரை நிறுவி, முதல் மின்னஞ்சலை வெளியே அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில நொடிகளில் அது திரும்பி வருகிறது. கூடவே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிகள். தொடக்கத்தில் 550 5.7.1 என்ற எண்கள். இந்தச் சிறு குறிப்பையும் ஒரு நூலை மதிப்பிடுவதுபோல் மதிப்பிடலாம். பழுதைக் கண்டுபிடிக்க உங்களிடம் உள்ள முதல் தடயம் அதுதானே!

இதன் மூல வடிவம் அருமையானது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணத்தில் மூன்று இலக்க விடைகளைக் காணலாம். முதல் இலக்கம் 2 என்றால் "ஏற்றேன்". 4 என்றால் "இப்போது முடியாது, பிறகு வா". 5 என்றால் "முடியாது". 4 வந்தால் நீங்கள் பதற வேண்டியதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் சர்வர் மென்பொருள் ஐந்து நாள் வரை தானாகவே முயலும். அறிமுகமில்லாத சர்வரை முதல் முறை வேண்டுமென்றே 4 சொல்லித் திருப்புவோரும் உண்டு. குப்பை அஞ்சல் அனுப்புபவன் மறுமுறை வரமாட்டான் என்பது கணக்கு!

பின்னர் சேர்ந்த புள்ளியிட்ட எண்களில்தான் குறை. 5.1.1 என்றால் அப்படியொரு அஞ்சல் பெட்டி இல்லை, ஐயமே இல்லை. 5.7.1 என்றாலோ "அனுமதி இல்லை" என்பது மட்டுமே. ஏன் இல்லை? உங்கள் ஐ.பி. எண்ணுக்கு உரிய பெயரைச் சொல்லும் தலைகீழ் டி.என்.எஸ். பதிவு இல்லாதிருக்கலாம். உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பத் தகுந்த எண்களைக் கூறும் எஸ்.பி.எஃப். பதிவில் அந்த எண் விடுபட்டிருக்கலாம். அது வீட்டு இணைப்புக்குரிய எண் என்று ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் இடம்பெற்றிருக்கலாம். அதற்கு நீங்கள் ஒரு குப்பை அஞ்சலும் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. பல்வலிக்கும் வயிற்றுவலிக்கும் "உடம்பு சரியில்லை" என்றே சீட்டு எழுதினால் மருந்து வாங்குவது எப்படி? சொந்த சர்வர் வைக்க முயலும் சிறு பள்ளியும் நூலகமும் இந்த இடத்தில்தான் சலித்துப்போய், பெரிய நிறுவனங்களிடம் தம் அஞ்சலை ஒப்படைத்துவிடுகின்றன.

காரணத்தை விளக்கினால் குப்பை அனுப்புவோர் தப்பிக்கக் கற்றுக்கொள்வர் என்பார்கள். அனுப்புநரின் நற்பெயரை அளக்கும் முறைக்கு இது பொருந்தும். தலைகீழ் பதிவு இல்லை என்பதில் என்ன இரகசியம்? யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கக்கூடிய செய்தி அது. 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7372 இக்குறையை உணர்ந்து, எஸ்.பி.எஃப். தோல்விக்கு 5.7.23, தலைகீழ் பதிவுக்கு 5.7.25 எனப் பிரித்துத் தந்தது. ஜிமெயில் 5.7.25-ஐக் கையாள்கிறது, பாராட்டலாம். பழைய 5.7.1-ஐ விடாதவர்கள் இன்னும் பலர்.

அவர்களிடமிருந்து வந்த குறிப்பாயின் எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த வரிகளில் பெரும்பாலும் சதுர அடைப்புக்குள் உங்கள் ஐ.பி. எண் இருக்கும். அதில் முக்காற்புள்ளிகள் தென்பட்டால் உங்கள் சர்வர் ஐ.பி. 6-ஆம் பதிப்பு வழியே அனுப்பியிருக்கிறது. நீங்கள் பதிவுகளைச் செய்ததோ 4-ஆம் பதிப்பு எண்ணுக்கு மட்டுமாக இருக்கலாம்.