செத்தவருக்கு ஒரு ஃபாரம் 16

"மக்களே, செத்த ஆளுக்கு எதுக்கு வரி?"

குளச்சல் காணிக்கை மாதா கோவில் வாசலில் வைத்து அந்த சிஸ்டர் கேட்டார். அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். சிரித்தபடிதான் கேட்டார். ஆனால், விளையாட்டுக் கேள்வி இல்லை.

ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவியானவர் சம்பாதிப்பதெல்லாம் சபைக்குச் சொந்தம் என்கிறது திருச்சபைச் சட்டம். வக்கீல்கள் இதற்கு 'சிவில் மரணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விபத்தில் இறந்த கன்னியாஸ்திரீக்கான நஷ்டஈடு மடத்துக்கே சேரும் என்று கேரள உயர் நீதிமன்றமே இதை ஏற்றுக்கொண்டதுண்டு. ஆக, நஷ்டஈட்டுக்கு அவர் செத்தவர். வருமான வரிக்கு உயிரோடு இருப்பவர்!

1944-லும் 1977-லும் வந்த சுற்றறிக்கைகளை நம்பி, துறவிகளின் சம்பளத்தில் பல காலம் யாரும் கை வைக்கவில்லை. 2014-ல் வரி பிடிக்கச் சொன்னது வருமான வரித்துறை. வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் 2019-ல் துறையின் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2024 நவம்பர் 7 அன்று, சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 93 மேல்முறையீடுகளை ஒரே மூச்சில் தள்ளுபடி செய்துவிட்டது.

பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். சட்டப்படி தீர்ப்பு சரிதான். பணம் கைக்கு வருமுன்பே வேறொருவருக்குப் போய்விட்டதா, வந்த பிறகு செலவானதா? இதுதான் கேள்வி. சீதல்தாஸ் தீர்த்ததாஸ் என்பவர் கோர்ட் உத்தரவுப்படி மனைவி, பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கொடுத்தார். அதற்குக்கூட கழிவு கிடையாது என்று 1960-லேயே சொல்லியாகிவிட்டது. முதல் தேதியன்று சம்பளத்தை அப்படியே மாமியார் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குக் காசு கேட்கிற டீச்சரும் அதே ஸ்டாஃப் ரூமில்தான் இருக்கிறார். அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லையே!

பிறகு எதற்கு இந்தக் கட்டுரை என்கிறீர்களா?

சுற்றறிக்கை அரசாங்கம் எழுதியது. 'அது ஃபீஸுக்குத்தான், சம்பளத்துக்கு இல்லை' என்று துறை விளக்கம் கொடுத்தது 2016-ல். அத்தனை வருடம் கழித்து! எழுதியவர் பேச்சை மாற்றிக்கொண்டால், அதை நம்பி நடந்தவர் என்ன செய்வார்?

இனிமேல் பிடிக்கப்போகிற வரியைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 2025-26 முதல், புதிய வரி முறையில் 12,75,000 ரூபாய் வரையான சம்பளத்துக்கு வரியே வராது. பெரும்பாலான சிஸ்டர்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள். சிக்கல், பிடிக்காமல் விட்டுப்போன வருடங்களில். பிடிக்காத வரியை நேரடியாகக் கட்ட வேண்டியவர் சம்பளக்காரர்தான் என்கிறது 1961 சட்டத்தின் 191-வது பிரிவு. கட்டாவிட்டால் 226-வது பிரிவு. சம்பளம் கொடுப்பவருக்கு நோட்டீஸ் போட்டு, பாக்கியை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

முழுசாகப் பிடிக்க முடியாது. முதல் 1,000 ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. 91,000 சம்பளமென்றால் 61,000 தப்பிக்கும், 30,000 போகும். (அந்த ஆயிரம் பெருந்தன்மையைப் பாருங்கள். குளச்சல் சந்தையில் நெய்மீன் வாங்கப் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?) சம்பளக்காரன் குடும்பத்தோடு பட்டினி கிடக்கக் கூடாது என்று விட்டுவைத்த பங்கு இது. சிஸ்டருக்குக் குடும்பம் என்பது மடம். பிடிபட்டது போக வருவதில் வயதான சிஸ்டர்களின் மருந்துச் செலவும் நடக்க வேண்டும்.

வீடு, நிலம், கார் எதுவுமே தன் பெயரில் இல்லாத ஒருவரிடம் கைக்கு எட்டுவது சம்பளம் மட்டும்தான். கணக்கை மறைக்கத் தெரிந்த கடைக்காரரைத் துறை தேடிப் பிடிக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு ஒரு கடிதம் போதும். வரி விதிக்கலாம் என்று சொன்ன கோர்ட், சுற்றறிக்கையை நம்பிய வருடங்களுக்கு வட்டியும் பாக்கியும் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், துறை ஒன்றும் ஏழையாகியிருக்காது.

"ஃபாரம் 16-ஐக் காட்டுங்க சிஸ்டர், எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு பார்ப்போம்" என்றேன்.

"அது மதர்கிட்ட இருக்கு. கேட்டுட்டுத் தாரேன் மக்களே."